குதிகாலைப் பாருங்கள்: அம்மா இருக்கும் முதியோர் இல்லம் பற்றி

ஒரு வாசகரின் கேள்வி, 1 மார்ச் 2025

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து மூன்று மாதம் ஆகிறது. வீட்டில் பகலில் ஆள் இல்லை. சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே பாட்டுதான்: இல்லத்தில் விட்டால் சீக்கிரம் போய்விடுவார், கட்டுகிற காசுக்குத் தக்க கவனிப்புதான் கிடைக்கும், சின்ன ஊரில் விடாதே. மலேசியாவில், பேராக்கின் சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கம் பெற்றோரை விட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? போய்ப் பார்த்தால் எதைப் பார்ப்பது?

இன்னொரு வாசகரின் பதில்கள்: 1 மார்ச், இரவு

காசுக்குத் தக்க கவனிப்பு என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அம்மாவை முதலில் ஈப்போ பக்கம் ஓர் இடத்தில் விட்டோம். மாதம் 3,200 வெள்ளி (ரிங்கிட்). முன்கூடத்தில் மீன்தொட்டி, ஏர்கோன், சுவரில் பூப்படம். ஒவ்வொரு ஞாயிறும் போவோம். அம்மா தலை வாரி, பவுடர் பூசி, காலில் சாக்ஸ் போட்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஐந்தாவது வாரம் சாக்ஸில் ஈரம் தெரிந்தது. கழற்றினேன். வலது குதிகாலில் ஐம்பது காசு அகலத்துக்குப் புண், நடுவில் கறுத்திருந்தது. அதற்கு முந்தைய நான்கு ஞாயிறும் அந்தச் சாக்ஸை நான் கழற்றிப் பார்க்கவே இல்லை.

இப்போது அம்மா இருப்பது சுங்கை சிப்புட்டில். இரண்டு வரிசை வீட்டை நடுச்சுவர் இடித்து ஒன்றாக்கிய இடம். 1,800 வெள்ளி, பேம்பர்ஸும் பால்மாவும் நம் செலவு. இங்கேயும் குறை இருக்கிறது, எழுதுகிறேன். ஆனால் புண் ஆறியது இங்கேதான்.

எதைப் பார்ப்பது என்று கேட்டீர்கள். குதிகாலைப் பாருங்கள். பிறகு இடுப்புக்குக் கீழே, முதுகெலும்பு முடியும் இடம். நம் கறுத்த தோலில் சிவப்பு தெரியாது, அதனால் கண்ணை நம்பாதீர்கள். புறங்கையை வைத்துப் பாருங்கள். ஓர் இடம் மட்டும் சூடாக இருக்கிறதா, மற்றக் குதிகாலைவிடக் கெட்டியாகவோ கொழகொழவென்றோ இருக்கிறதா என்று தொட்டால் தெரியும். தோல் கிழிவதற்கு முன்பே அந்த மாற்றம் வந்துவிடலாம்.

2 மார்ச்

நேற்று விட்டது. படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும் என்பார்கள். பெரும்பாலான இடங்களில் அதற்கு ஒரு தாள் மாட்டியிருப்பார்கள். அந்தத் தாளை நானும் நம்பினேன். முதல் இடத்தில் ஒரு நாளுக்கான பன்னிரண்டு கட்டமும் ஒரே பேனா, ஒரே கையெழுத்து, ஒரே சாய்வு. சாயங்காலம் நான்கு மணிக்குப் போனபோது இரவு பத்து மணிக் கட்டமும் நிரம்பியிருந்தது. அன்றுதான் புரிந்தது.

காற்று மெத்தை போட்டிருக்கிறோம் என்றால் கையை அடியில் விட்டுப் பாருங்கள். மோட்டார் ஓடுகிறதா, பிளக் சுவரில் இருக்கிறதா. போன் சார்ஜ் போட பிளக்கைக் கழற்றி வைத்திருந்ததை நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

உங்கள் அப்பா விழுங்கச் சிரமப்படுகிறாரா? மூக்கில் குழாய் போட்டிருந்தால், பால் கொடுக்கும்போதும் கொடுத்த பிறகு அரைமணி, முக்கால் மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். தட்டையாகப் படுக்க வைத்துப் பால் ஊற்றினால் நுரையீரலுக்குப் போய்விடலாம். பக்கவாதம் வந்தவர்களுக்கு நிமோனியா வருவது பெரும்பாலும் சாப்பாடோ எச்சிலோ இப்படி நுரையீரலுக்குப் போவதால்தான். சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நின்று பாருங்கள்.

5 மார்ச்

லைசென்ஸ் இருந்தால் போதாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இருக்கத்தான் வேண்டும். நான்கு பேருக்கு மேல் தங்கவைத்துப் பார்க்கும் இடம் 1993ஆம் ஆண்டுப் பராமரிப்பு மையச் சட்டப்படி, அதாவது சட்டம் 506, சமூகநல இலாகாவில் பதிந்திருக்க வேண்டும். அதற்கு நகராண்மை, பொம்பா (தீயணைப்பு), சுகாதார இலாகா மூன்றும் சரி சொல்ல வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். காட்டத் தயங்கினால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள்.

நான் குழம்பிக் கிடந்த இன்னொரு விஷயம். சமூகநல இலாகா (ஜேகேஎம்) பதிவு என்பது தங்கவைத்துப் பராமரிப்பதற்கு. குழாய்ப் பால், புண் கட்டு, இன்சுலின் என்று மருத்துவக் கவனிப்பு தேவைப்படும் முதியோருக்கான தனியார் இடங்களுக்கு 2018இல் தனியாகச் சட்டம் 802 வந்தது. அது சுகாதார அமைச்சின் கீழ் வருவது. இரண்டும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் முதல் இடத்தில் சான்றைப் பார்த்ததும் நிம்மதியாக வீட்டுக்கு வந்தேன். அங்கே பயிற்சி பெற்ற மிஸ்ஸி (தாதி) வாரத்தில் இரண்டு நாள், அதுவும் காலையில் மட்டும் வருவார் என்று பிறகுதான் தெரிந்தது. உங்கள் அப்பாவுக்காக நேராகக் கேளுங்கள்: ராத்திரி இரண்டு மணிக்குக் குழாய் கழன்றால் யார் போடுவார்?

5 மார்ச், மறுபடியும்

‘நான்கு பேருக்கு மேல்’ என்று எழுதிவிட்டேன். நான்கு பேர் இருந்தாலே பதிவு வேண்டும்.

9 மார்ச்

இதை எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

அம்மா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பதினான்கு வயதில் தொடங்கி ஐம்பத்தைந்து வரை. விடிவதற்குள் மரத்தடியில் நிற்க வேண்டும், வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். அதனால் நான்கு மணிக்கு எழுந்து, சமைத்து, ஆள் எண்ணிப் பேர் போடும் பெரட்டுக்குப் போய், தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு தீம்பாருக்குள் (ரப்பர்க் காட்டுக்குள்) இறங்குவார். இப்போது வயது எண்பத்தொன்று. என் பெயர் சில நாள் நினைவில் இருக்கும், சில நாள் இருக்காது. ஆனால் நான்கு மணி மறக்கவில்லை. எழுந்து வாளியைத் தேடுகிறார். மேசையில் இருக்கும் பிளாஸ்டிக் கோப்பைகளை எல்லாம் எடுத்து வரிசையாகக் கவிழ்த்து வைக்கிறார். மரத்தில் பால் பிடிக்கும் மங்கு கவிழ்ப்பதாக நினைப்பு. மழை வரும் போலிருந்தால் அப்படித்தான் செய்வார்கள்.

வெள்ளிக்கிழமை வேலை நேரம் மாறியதால் காலை ஐந்தே முக்காலுக்கு இல்லத்துக்குப் போனேன். அம்மாவின் இடது மணிக்கட்டு கட்டில் கம்பியோடு துண்டால் கட்டியிருந்தது. அம்மா கத்தவில்லை. மற்றக் கையால் அந்த முடிச்சை மெதுவாக, பொறுமையாக, சிக்கு எடுப்பது போல எடுத்துக்கொண்டிருந்தார். எத்தனை நேரமாக என்று தெரியவில்லை. மணிக்கட்டில் துண்டின் நூல் வரி பதிந்திருந்தது.

ராத்திரி வேலைக்கு இருந்த இந்தோனேசியப் பெண்ணை நான் பேசாத பேச்சு இல்லை.

10 மார்ச்

நேற்று எழுதியதில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதாமல் விட்டதும் தவறு. அவர் அழுதார். ராத்திரிக்கு இரண்டு பேர் என்று என்னிடம் சொல்லியிருந்தார்கள். உண்மையில் விழித்திருப்பது ஒருவர். இன்னொருவர் சமையல் ஆள், பின்னறையில் தூங்குவார், பெரிய அவசரத்துக்குத்தான் எழுப்பலாம். ஒரு பெண், இருபத்திரண்டு வயோதிகர், அவர்களில் ஏழு பேர் மேல் மாடியில். அவர் மேலே பேம்பர்ஸ் மாற்றும்போது கீழே அம்மா எழுந்து ஈரத்தரையில் நடந்து விழுந்தால் பழி அவர் தலையில்தான். அதனால் கட்டினார். கட்டியது சரி என்று சொல்லவே மாட்டேன். ஆனால் திட்டவேண்டிய ஆளை விட்டுவிட்டு, கையில் அகப்பட்ட ஆளைத் திட்டிவிட்டேன். மறுநாளே போய் மன்னிப்புக் கேட்டேன்.

உரிமையாளரிடம் கேட்டபோது, வேண்டுமானால் டாக்டரிடம் சொல்லித் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கலாம் என்றார். வேண்டாம் என்றேன். தூக்க மாத்திரையில் பாதி மயக்கத்தோடு எழுந்து நடந்தால்தான் இடுப்பெலும்பு உடையும். யாராவது உங்கள் பெற்றோர் ‘இப்போது நல்லா அமைதியா இருக்காங்க’ என்றால், புதிதாக என்ன மாத்திரை சேர்த்தார்கள் என்று உடனே கேளுங்கள்.

16 மார்ச்

சரி, நல்ல செய்தி ஒன்று.

நோன்பு மாதம். அந்தப் பெண் சகூருக்கு, அதாவது நோன்பு தொடங்கும் முன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு, நாலரை மணிக்குச் சமையலறைக்கு வந்து சோறு சூடாக்குகிறார். போன திங்கள் அம்மா எழுந்ததும் கட்டாமல் கையைப் பிடித்துச் சமையலறைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்து, பால் இல்லாத கோப்பி ஓ கலந்து கொடுத்திருக்கிறார். அம்மா குடித்துவிட்டு ஐந்தரை வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாராம், பிறகு தானே போய்ப் படுத்துக்கொண்டாராம். ஆறு நாளாக இப்படித்தான்.

நேற்று நான் நாலரைக்குப் போய்ப் பார்த்தேன். மேலே ஆள் எழுந்தால் கேட்பதற்கு மாடிப்படிக் கதவைத் திறந்து வைத்திருந்தார். சமையலறையில் ஒரு விளக்கு. அம்மா இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் முட்டையும் சம்பாலும் வைத்துச் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அம்மாவின் முன்னால் ஆறு கோப்பை கவிழ்ந்திருந்தது. அவற்றை யாரும் எடுக்கவில்லை.

இதற்கு ஆன செலவு ஒரு கரண்டி கோப்பித் தூள். என் அம்மாவுக்கு நான்கு மணி என்றால் என்ன என்று ஈப்போவிலும் யாரும் கேட்கவில்லை, இங்கே சேர்க்கும்போதும் யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இனிப்பு நீரா, ரத்த அழுத்தமா, அலர்ஜியா என்று இரண்டு பக்கம் நிரப்பிக் கொடுத்தேன். அதில் இல்லாத ஒரு வரிதான் தேவைப்பட்டிருக்கிறது.

17 மார்ச்

ஒரு சின்ன விஷயம், நேற்று அந்தப் பெண் சொன்னது. அம்மா அடிக்கடி ‘ஒண்ணுக்கு, ஒண்ணுக்கு’ என்பாராம். ஒண்ணு என்றால் மலாயில் ‘சாத்து’, எண் ஒன்று, என்று மட்டும் அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு முறையும் ஒரு பிஸ்கட் கொடுத்திருக்கிறார். அம்மா பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டே உடையை நனைத்துவிடுவார். ‘நெனெக் (பாட்டி) பிஸ்கட் கேட்டு வாங்கி, சாப்பிடாமல் வைத்திருக்கிறார்’ என்று குறிப்புப் புத்தகத்திலும் எழுதியிருக்கிறது.

அம்மாவுக்குத் தோட்டத்து மலாய் நன்றாக வரும். வந்தது. நினைவு தேயும்போது பலருக்குப் பிறகு கற்ற மொழி முதலில் போகிறது, தாய்மொழி நிற்கிறது. அதனால் ஓர் அட்டையில் பதினைந்து சொல் எழுதி, பக்கத்தில் மலாய் எழுதி, கட்டில் தலைமாட்டில் ஒட்டினேன். தண்ணி, வலிக்குது, ஒண்ணுக்கு, குளிருது, பசிக்குது, போதும், வேணாம், எழுப்பி விடு, தலை சுத்துது. இப்போது பக்கத்துக் கட்டில் பாட்டிக்கும் அதே அட்டை வேண்டும் என்று அந்தப் பெண்ணே கேட்டு வாங்கிக்கொண்டார். இல்லத்தில் சேர்க்கும் அன்றே இதைச் செய்யுங்கள். பக்கவாதத்தில் உங்கள் அப்பாவுக்குப் பேச்சு குழறினால், இன்னும் அவசியம்.

22 மார்ச்

அந்தக் காலத்தில் தோட்டத்தில் கிழவன் கிழவி என்றால் லயமே (தொழிலாளர் வரிசை வீடுகள்) சேர்ந்து பார்த்துக்கொள்ளும், இப்போது காசைக் கொடுத்துத் தள்ளிவிடுகிறார்கள் என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். படித்ததும் ஆமாம் என்றுதான் தோன்றியது. எங்கள் லயத்தில் ஒரு வீட்டில் ரசம் வைத்தால் நான்கு வீட்டுக்குப் போகும்.

அப்புறம் அப்பாயி (அப்பாவின் அம்மா) நினைவு வந்தது. கடைசி ஒரு வருடம் பின்கட்டில் சாக்குப் படுக்கையில் கிடந்தார். அம்மாவும் அப்பாவும் விடியும் முன் வேலைக்குப் போய்விடுவார்கள். ஒன்பது வயதில் நான்தான் பள்ளிக்கூடம் விட்டு வந்து தண்ணீர் கொடுப்பேன். காலையிலிருந்து அதுதான் முதல் தண்ணீர். அப்பாயி முதுகில் இருந்த புண்ணின் வாசனை எனக்கு இன்னும் தெரியும், ஈப்போவில் சாக்ஸைக் கழற்றியபோது முகம் குனிவதற்கு முன்னாலேயே தெரிந்தது. தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரஸ்ஸர் மருந்து தூவிவிட்டுப் போவார். யார் மேலும் குற்றம் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் இல்லை, சம்பளம் இல்லாவிட்டால் லயத்து வீடும் இல்லை. ஆனால் அந்தக் காலத்தில் நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்று மட்டும் என்னால் சொல்ல முடியாது.

லயத்தில் இருந்தது ஆள் கண். யாராவது எட்டிப் பார்ப்பார்கள். அது இல்லத்திலும் வேண்டும். எங்கள் இல்லத்தில் பழைய மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) ஒருவர் இருக்கிறார், வயது எண்பத்தாறு. தினமும் காலைச் சாப்பாட்டுக்கு முன் கைத்தடியை ஊன்றி நின்று எல்லாரையும் எண்ணுவார். ‘இருபத்தொண்ணு! ஒரு ஆள் குறையுது, யாருக்குப் பேர் போடல?’ என்று சத்தம் போடுவார். எல்லாரும் சிரிப்பார்கள். போன மாதம் அப்படிக் கத்தியபோதுதான் மேல் மாடியில் ஒரு தாத்தா வியர்த்து, பேச்சில்லாமல் கிடந்தது தெரிந்தது. இன்சுலின் போட்டாயிற்று, சாப்பிட இறங்கவில்லை. சர்க்கரை இறங்கிவிட்டது. நினைவு இருந்ததால் இனிப்புத் தண்ணீரை மெல்லக் கொடுத்து மீட்டார்கள். இப்போது மண்டோர் எண்ணி முடித்த பிறகுதான் கஞ்சி பரிமாறுகிறார்கள். அவர் கைத்தடியைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு உட்காருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

1 ஏப்ரல்

நேற்று நோன்புப் பெருநாள். அந்தப் பெண் போன புதன்கிழமையே ஊருக்குப் போய்விட்டார், மூன்று வாரம் லீவு. நியாயமான லீவு. இரண்டு வருடமாக வீட்டுக்குப் போகவில்லை. பதிலுக்கு வந்த பையன் மியன்மார்க்காரர், நல்ல பிள்ளை, ஆனால் முதல் இரண்டு ராத்திரி நான்கு மணிக்கு அம்மா எழுந்தபோது என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடி படுக்க வைத்துப் படுக்க வைத்துப் பார்த்திருக்கிறார். கட்டவில்லை. முழங்கையில் சிராய்ப்பு.

ஞாயிறும் நேற்றும் நானே நாலரைக்குப் போனேன். பெருநாள், தீபாவளி, சீனப் பெருநாள் சமயத்தில் எந்த இல்லத்திலும் ஆள் குறையும். அந்த வாரங்களில் போய் இருக்க முடிந்தால் இருங்கள். நாங்கள் மூன்று குடும்பம் சேர்ந்து முறை போட்டுக்கொண்டோம்.

பையனிடம் கோப்பி விஷயத்தைச் சொல்லி, புத்தகத்தில் மலாயில் எழுதியும் வைத்துவிட்டேன். ஒருவருக்கு மட்டும் தெரிந்த நல்ல பழக்கம் அவர் லீவு போட்டதும் போய்விடும் என்பது எனக்கு இந்த வாரம்தான் உறைத்தது.

6 ஏப்ரல்

காசு பற்றி இரண்டு பேர் கேட்டதற்கு. சமூகநல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2025இல் மாதம் 600 வெள்ளி ஆனது, முன்பு 500. அறுபது வயதும் அதற்கு மேலும் ஆன, வருமானம் குறைந்த குடிமக்களுக்கு. குடியுரிமை இல்லாமல் நிரந்தரவாசிக்கான சிவப்பு ஐசி வைத்திருக்கும் தோட்டத்துப் பெரியவர்களுக்குக் கிடைக்காது. இங்கேயே பிறந்து இங்கேயே பால் வெட்டி, பிறப்புப் பத்திரம் எடுக்காமல் போனதால் சிவப்பு ஐசியோடு கிடக்கும் ஒரு பாட்டி அம்மாவுக்கு எதிர்க் கட்டிலில் இருக்கிறார். அவர் செலவைக் கோயில்காரர்கள் கொடுக்கிறார்கள்.

அரசாங்கத்தின் முதியோர் இல்லமான ரூமா ஸ்ரீ கெனாங்கான் நமக்குக் கிட்டத்தில் தஞ்சோங் ரம்புத்தானிலும் தைப்பிங்கிலும் இருக்கிறது. ஆனால் அது ஆதரவில்லாத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளக்கூடிய முதியவர்களுக்கு. படுக்கையில் விழுந்துவிட்ட ஆதரவற்றவர்களுக்கு ரூமா ஏசான், கோலகுபு பாருவிலும் டுங்குனிலும். பிள்ளைகள் இருக்கும் உங்கள் அப்பாவுக்கு இரண்டும் பொருந்தாது.

வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடிந்தால், அரசாங்கக் கிளினிக்கில் டொமிசிலியாரி சேவை என்று ஒன்று உண்டு. மிஸ்ஸி வீட்டுக்கு வந்து புண் கட்டி, குழாய் மாற்றி, வீட்டில் இருப்பவருக்கும் கற்றுக்கொடுப்பார்கள். மருத்துவமனையிலிருந்து பரிந்துரைத் துண்டு எழுதி வாங்க வேண்டும். முதலில் இதைக் கேளுங்கள்.

எங்கேயாவது கொடுமை நடக்கிறது என்று தெரிந்தால் தாலியான் காசே என்ற அரசாங்க உதவி எண் 15999, எந்நேரமும் கூப்பிடலாம்.

20 ஏப்ரல்

அந்தப் பெண் வியாழன் வந்துவிட்டார். அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஆனால் கையை நீட்டினார்.

ராத்திரிக்கு இரண்டாவது ஆள் போட வேண்டும் என்று ஏழு குடும்பம் கையெழுத்துப் போட்டு உரிமையாளரிடம் கொடுத்தோம். நான் கத்துவார் என்று நினைத்தேன். கணக்குப் புத்தகத்தையே எடுத்து வைத்தார். வாடகை, சம்பளம், தண்ணீர், மின்சாரம், வெளிநாட்டு ஆளுக்குக் கட்டும் லெவி. நான்கு பேர் மூன்று மாதமாகக் கட்டணம் கட்டவில்லை, அவர்களை அவர் அனுப்பவும் இல்லை. அவர் மேல் எனக்கிருந்த கோபத்தில் பாதி அங்கேயே போயிற்று. மீதிப் பாதி இருக்கிறது, இரண்டு பேர் என்று பொய் சொன்னதற்கு. இரண்டாவது ஆள் வேண்டுமானால் தலைக்கு 120 வெள்ளி கூடும் என்கிறார். மே மாதத்திலிருந்து.

ஏழில் மூன்று குடும்பம் சரி என்றது. இரண்டு குடும்பம் முடியவே முடியாது என்கிறது, அவர்களுக்கு உண்மையிலேயே முடியாது. நானும் தம்பியும் எங்கள் பங்கோடு இன்னொரு பங்கு சேர்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறோம். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை பதில் சொல்வார்கள்.

அப்பாவைக் கோலகங்சார் பக்கம் ஓர் இடத்தில் சேர்த்திருப்பதாக எழுதியிருந்தீர்களே, இன்னும் ஞாயிறு மத்தியானம்தான் போகிறீர்களா? இந்த வாரம் ஒருநாள் காலை ஆறு மணிக்குப் போங்கள். போர்வையைக் காலிலிருந்து விலக்கிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.